கோடிட்ட இடம்

வரைவைத் தட்டச்சு செய்தது நான்.
பொருள் எண் பதினேழு.
தூய்மைப் பணியாளர் நாற்பத்தொருவருக்கு
மருத்துவக் காப்பீடு,
தலைக்கு மாதம் நானூற்று எண்பது,
அதில் பேரூராட்சியின் பங்கு
என்று எழுதி, ஒரு கோடு இழுத்து,
விழுக்காடு என்று முடித்திருந்தேன்.
சுண்டுவிரல் நீளக் கோடு.
மன்றம் கூடி அதை நிரப்ப வேண்டும்.

திங்கள்நகரில் திங்கட்கிழமை கூட்டம் வைத்தால்
யார் பேசுவதும் யாருக்கும் முழுதாய்க் கேட்காது.
சன்னலுக்கு அந்தப் பக்கம் சந்தை
மரச்சீனிக்கும் ஏத்தன் குலைக்கும்
தொண்டை கிழிய விலை பேசிக்கொண்டிருக்கும்.

முதல் பதினாறு பொருள்களும்
பழம்பொரி ஆறுவதற்குள் நிறைவேறின.
தெருவிளக்கு, கழிவறைக் குத்தகை,
பேருந்து நிலையக் கடை வாடகை,
யாரும் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை.

பதினேழில் எல்லோரும் கண்ணாடியை எடுத்து மாட்டினார்கள்.

“எழுபத்தஞ்சு” என்றார் ஆறாம் வார்டு அனிற்றா.
“அம்பது” என்றார் துணைத்தலைவர் தாணுலிங்கம்.
“பொதுநிதி என்ன ரப்பர் மரமா,
விடியவிடிய வெட்டுனா பால் வாறதுக்கு?”
பின்வரிசையில் ஒருவர்,
“நாப்பத்தொண்ணுல முப்பத்திரெண்டும் ஒப்பந்தம்.
அவிய நம்ம ஆளுகளா?”
“குப்பை நம்மளதுதானே” என்றார் அனிற்றா,
சாயாக் கோப்பையைப் பார்த்தபடி.

செயல் அலுவலர் என் பக்கம் திரும்பினார்.
ஐம்பது என்றால் ஆண்டுக்கு எவ்வளவு,
எழுபத்தைந்து என்றால் எவ்வளவு.
கால்குலேட்டரை அழுத்திச் சொன்னேன்.
கேட்டதற்கு மட்டும் சொன்னேன்.

கேட்காததும் என்னிடம் இருந்தது.
ஆனி மழையில் ஓடை அடைத்துக்கொண்டபோது
இடுப்பளவு இறங்கியவள் நேசபாய்.
எட்டாம் நாள் கண் மஞ்சளித்தது.
எலிக்காய்ச்சல். ஆசாரிப்பள்ளத்தில் பன்னிரண்டு நாள்.
வருகைப் பதிவேட்டில்
அவள் பெயருக்கு நேரே பன்னிரண்டு பெருக்கல் குறி,
என் கையெழுத்தில்,
ஒன்றுகூடக் கட்டத்தைத் தாண்டாமல்.

எனக்கும் பிடித்தம் உண்டு.
சம்பளப் பட்டியலில் எத்தனையோ வரி கீழே,
பொடி எழுத்தில்.
அந்த எண்ணை யார் நிரப்பினார்கள் என்று தெரியாது.
என் காதுபட யாரும்
என் உடம்புக்குப் பேரம் பேசியதில்லை.

கடைசியில் வெட்டித்தான் பிரித்தார்கள்,
சாளைக்கூறு போடுகிறவள்
மிஞ்சிய ஒற்றை மீனை
இரண்டு கூறுக்குமாய் நறுக்குகிற மாதிரி.
அறுபத்திரண்டரை.
எழுதினேன்.
கோட்டில் அறுபத்திரண்டுக்குத்தான் இடம் இருந்தது.
அரை வெளியே வந்து
விழுக்காட்டின் தலையில் ஏறி உட்கார்ந்தது.

மறுவாரம் படிவம் நிரப்பும் நாள்.
கைகழுவிய ஈரத்தோடு நேசபாய் வந்து நின்றாள்.
“எனக்கு எம்புட்டு பிடிப்பிய?”
“நூற்றியெண்பது.”
விரல் மடக்கினாள்.
“மாசத்துல மூணு நாள் மீனு வாங்காண்டாம். செரி.”
பேறுகாலம் முடிந்த மகளைச் சேர்க்க முடியுமா என்றாள்.
கட்டிக்கொடுத்தவளுக்கு இடமில்லை என்றேன்.
“அவளுக்க மாப்பிளைக்கும் காப்பீடு இல்லியே” என்றாள்,
என்னிடம் அல்ல, மேசையிடம்.

ஒன்பதாவது கேள்வியை வாசித்துக் காட்டினேன்.
முன்பே இருந்த நோய் ஏதேனும் உண்டா?

“முன்ன ஒரு தீனமும் இல்ல சாரே.
இந்த வேலைக்கு வந்த பொறவுதான்.”

படிவத்தில் இரண்டே கட்டம், ஆம், இல்லை.
பேனா ஆமுக்கும் இல்லைக்கும் நடுவே
கொஞ்ச நேரம் நின்றது.
அடுத்து நின்ற செல்வமணி செருமினான்.
இல்லை என்று குறித்தேன்.
மை காயட்டும் என்று ஊதினேன்,
வேண்டியதைவிடக் கூடுதலாகவே.